வார்டு பக்கம், வாசகர் கேள்வி பதில்: படிப்புக் காசைக் கேட்டு வாங்குங்க

இந்தத் தடவை வந்த கேள்விங்க நிறைய ஒரே விஷயத்தைச் சுத்தித்தான் இருக்கு. இங்கிலாந்துல வேலை பாக்குற நம்ம நர்ஸுங்க, பிசியோ, கேர் ஹோம் ஸ்டாஃப் எல்லாரும் கேக்குறது, வேலைக்குச் சேர்ந்த பிறகு படிக்கிற படிப்புக்கு யாரு காசு தருவாங்க, லீவு எப்படி வாங்குறது, ரெஜிஸ்ட்ரேஷனுக்கு எது கணக்குல வரும்னு. அதனால இந்த இதழ் பூரா அதுக்கே ஒதுக்கிட்டேன். ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன், ரெஜிஸ்ட்ரேஷன் விதி பிரிட்டன் முழுக்க ஒண்ணுதான், ஆனா பணக் கணக்கு நான் சொல்றது இங்கிலாந்துக்கு மட்டும், ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துல ஏற்பாடு வேற.

கேள்வி: அக்கா, நான் திருநெல்வேலிப் பக்கம். இங்க மெடிக்கல் வார்டுல பேண்ட் 5 நர்ஸ். ஒவ்வொருத்தருக்கும் படிக்க 1000 பவுண்டு இருக்குன்னு கூட வேலை பாக்குற ஒரு பொண்ணு சொல்லுச்சு. மேனேஜர்கிட்ட கேட்டா எப்பவும் பட்ஜெட் இல்லைன்னு ஒரே பதில். அப்படி ஒரு காசு உண்மையிலேயே இருக்கா, இல்ல சும்மா பேச்சா?

பதில்: இருக்கும்மா. 2019 செப்டம்பர்ல அரசாங்கம் அறிவிச்சது, நர்ஸ், மிட்வைஃப், அப்புறம் பிசியோ, ரேடியோகிராபர் மாதிரி ஏஎச்பி ஆளுங்க ஒவ்வொருத்தருக்கும் மூணு வருஷத்துல 1000 பவுண்டுன்னு. 2020 ஏப்ரல்ல இருந்து அது ட்ரஸ்ட்டுகளுக்கு, அதாவது என்எச்எஸ்ங்கிற அரசு மருத்துவ சேவையில ஆஸ்பத்திரிகளை நடத்துற அமைப்புகளுக்கு, போக ஆரம்பிச்சது, முதல் வருஷத்துக்கு 150 மில்லியன். அந்த முதல் மூணு வருஷம் முடிஞ்ச பிறகும் ஆளுக்கு வருஷத்துக்கு 333 பவுண்டுங்கிற கணக்குல தொடர்ந்துச்சு. ஆனா இதுல ஒரு விஷயத்தை நல்லா புரிஞ்சிக்கணும், அந்தக் காசு உங்க பேர்ல ஒரு அக்கவுண்ட்ல வந்து உக்காராது. ட்ரஸ்ட்டுக்கு மொத்தமா வரும், தலைக்கணக்கு போட்டு வரும், ஆனா செலவு பண்றது மொத்தமா. ட்ரஸ்ட் அதை வச்சு ஒரு யுனிவர்சிட்டில இடம் வாங்கிப் போடும், உள்ளேயே ஒரு கோர்ஸ் நடத்தும், கேட்டு அப்ளை பண்ணினவங்களுக்குக் குடுக்கும். கேக்காதவங்க பங்கு கேட்டவங்களுக்குப் போயிடும். எனக்கு மனசு வலிக்கிற இடம் இதுதான், ஏன்னா வெளிநாட்டுல இருந்து வந்த நம்ம பிள்ளைங்கதான் கேக்காம இருக்குறதுல முதல் ஆளு.

மேனேஜர் பட்ஜெட் இல்லைன்னு சொல்றதுக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு. 2015-16ல இந்த மாதிரி படிப்புக்கு நாடு பூரா 205 மில்லியன் பவுண்டு இருந்துச்சு, ரெண்டே வருஷத்துல, 2017-18ல, அது 83 மில்லியன் சொச்சத்துக்கு இறங்கிடுச்சு. பார்லிமென்ட்டோட ஹெல்த் கமிட்டியே 2018 ஜனவரி அறிக்கையில இதைச் சுட்டிக்காட்டி, வெட்டினதைத் திருப்பிக் குடுங்கன்னு கேட்டுச்சு. அந்தக் காலத்துல வார்டு நடத்தினவங்களுக்கு இல்லைன்னு சொல்றது பழகிப்போச்சு, அவங்க வார்டு பட்ஜெட்ல உண்மையாவே இருக்காது. ஆனா சிபிடி காசு, அதாவது வேலைல இருந்துக்கிட்டே தொடர்ந்து படிக்கிறதுக்கான இந்தக் காசு, வார்டு பட்ஜெட்ல இல்ல, அது ட்ரஸ்ட் எஜுகேஷன் டீம்கிட்ட இருக்கு. அதனால கேள்வியை மாத்திக் கேளுங்க, பட்ஜெட் இருக்கான்னு கேக்காதீங்க, சிபிடி ஃபண்டிங் ஃபார்ம் எங்க இருக்கு, கடைசித் தேதி என்ன, யாரு கையெழுத்துப் போடணும்னு கேளுங்க. மேனேஜருக்குத் தெரியலைன்னா ஸ்டாஃபுக்குச் சொல்லித்தர்ற பிராக்டிஸ் எஜுகேட்டர்கிட்ட போங்க, அவங்களுக்குக் கண்டிப்பா தெரியும். இந்த வருஷம் எவ்வளவு வந்திருக்குன்னும் அங்கேயே கேட்டுக்கலாம்.

அடுத்தது நேரம். நிதியாண்டு ஏப்ரல்ல ஆரம்பிச்சு மார்ச்ல முடியுது, யாரு யாருக்கு என்ன படிப்பு வேணும்னு ட்ரஸ்ட் ஒரு பட்டியல் எடுப்பாங்க, ட்ரெயினிங் நீட்ஸ் அனாலிசிஸ்னு பேரு. அந்தப் பட்டியல்ல உங்க பேர் ஏறணும்னா உங்க அப்ரைசல்ல, அதாவது மேனேஜரோட உக்காந்து உங்க வேலையைப் பத்திப் பேசி எழுதுற பதிவுல, அந்த கோர்ஸ் பேரு எழுத்துல இருக்கணும். வாயில சொன்னது நிக்காது. "எதாவது கோர்ஸ் குடுங்க சிஸ்டர்"னு கேட்டா ஒண்ணும் கிடைக்காது, "டயபடீஸ் படிக்க ஆசை"ன்னு சொன்னாலும் பத்தாது. இப்படி எழுதுங்க: நம்ம வார்டுல இன்சுலின் போடுற பேஷன்ட் அதிகம், ராத்திரில சுகர் இறங்கிப்போன சம்பவம் இன்சிடென்ட் ரிப்போர்ட்ல வந்திருக்கு, இந்த கோர்ஸ் இத்தனை நாள், ஃபீஸ் இவ்வளவு, முடிச்சிட்டு வந்து வார்டுக்கு டயபடீஸ் லிங்க் நர்ஸா இருந்து புதுசா வர்றவங்களுக்கு நான் சொல்லித்தர்றேன். இதைப் படிச்சிட்டு இல்லைன்னு சொல்றது ஒரு மேனேஜருக்கு லேசு இல்ல, சொன்னாலும் காரணத்தை மெயில்ல கேட்டு வாங்கி வச்சுக்கங்க, அடுத்த ரவுண்டுல அதுவே உங்களுக்குப் பேசும்.

கேள்வி: சிஸ்டர், எனக்கு ரிவாலிடேஷன் வருது, முதல் தடவை. மாண்டேட்டரி ட்ரெயினிங் சர்டிஃபிகேட் எல்லாம் சேர்த்தா 35 மணி நேரத்துக்கு மேலயே வருது. அதுவே போதும்ல? ரிஃப்ளெக்டிவ் அக்கவுண்ட்னு அஞ்சு எழுதணுமாமே, அதுல என்ன எழுதுறதுன்னே தெரியல.

பதில்: போதாதும்மா. ரிவாலிடேஷன்னா, என்எம்சிங்கிற பிரிட்டன் நர்ஸிங் கவுன்சில்ல மூணு வருஷத்துக்கு ஒரு தடவை ரெஜிஸ்ட்ரேஷனைப் புதுப்பிக்கிறது. ஃபயர் ட்ரெயினிங், ஹெல்த் அண்ட் சேஃப்டி இதெல்லாம் உங்க நர்ஸிங் வேலையோட நேரடியா சம்பந்தம் இல்லாததுனால என்எம்சி கணக்குல சேராது. மாண்டேட்டரின்னு பேர் இருந்தாலும் உங்க வேலைக்கு நேரா தேவைப்படுற படிப்புன்னா சேர்த்துக்கலாம். மூணு வருஷத்துல 35 மணி நேரம், அதுல குறைஞ்சது 20 மணி நேரம் மத்தவங்களோட சேர்ந்து படிச்சதா இருக்கணும். வீட்டுல தனியா உக்காந்து கிளிக் பண்ணி முடிக்கிற இ-லேர்னிங் அந்த 20ல வராது, ஆனா ஆன்லைன்லயே நாலு பேர் பேசி விவாதிச்ச செஷன் வரும், வார்டுல நடக்குற டீச்சிங், ஜர்னல் கிளப், கேஸ் டிஸ்கஷன் எல்லாம் வரும். நிறைய பேர் இதையெல்லாம் குறிச்சு வைக்காமலே விட்டுடறாங்க. தேதி, எத்தனை மணி நேரம், என்ன தலைப்பு, கத்துக்கிட்டது என்னன்னு ரெண்டு வரி, அன்னைக்கே போன்ல எழுதிடுங்க.

இது போக 450 மணி நேரம் வேலை செஞ்சிருக்கணும், அஞ்சு ஃபீட்பேக், அஞ்சு ரிஃப்ளெக்டிவ் அக்கவுண்ட், என்எம்சி ரெஜிஸ்டர்ல இருக்குற இன்னொருத்தரோட அதைப் பத்தி உக்காந்து பேசினதுக்குக் கையெழுத்து, இதெல்லாம் சரியா இருக்குன்னு பாத்துச் சொல்ற கன்ஃபர்மரோட கையெழுத்து. ஆன்லைன் ஃபார்ம் 60 நாள் முன்னாடி திறக்கும். ரெஜிஸ்ட்ரேஷன் முடியுறது மாசக் கடைசியில இருக்கும், ஆனா ரிவாலிடேஷன் ஃபார்ம் அந்த மாசம் ஒண்ணாம் தேதிக்குள்ள போயிருக்கணும், ஏப்ரல் 30ல முடியுதுன்னா ஏப்ரல் 1. இந்த வித்தியாசம் தெரியாம கடைசி நாள்ல ஓடுறவங்க உண்டு, தயவு செஞ்சு இன்னைக்கே லாகின் பண்ணிப் பாத்துக்கங்க.

ரிஃப்ளெக்டிவ் அக்கவுண்ட்டுக்குப் பெரிய சம்பவம் எதுவும் தேவையில்ல. ஒரு உதாரணம் சொல்றேன். இடுப்பு ஆபரேஷன் ஆன ஒரு யாழ்ப்பாணத்துப் பாட்டி, வலி பத்துக்கு எவ்வளவுன்னு இங்கிலீஷ்ல கேட்டா சிரிச்சிட்டு ஓகேம்பாங்க, தமிழ்ல கேட்டாலும் "பரவாயில்லை பிள்ளை"ன்னு முடிச்சிடுவாங்க. சார்ட்ல வலி பூஜ்யம். சாயங்காலம் வந்த மக சொல்லுது, அம்மா வலின்னு சொன்னா உங்களுக்குத் தொந்தரவுன்னு நினைக்கிறா, கட்டில் கம்பியை எப்படிப் பிடிச்சிருக்கான்னு பாருங்கோன்னு. அதுக்கப்புறம் அந்த நர்ஸ் நம்பர் கேக்குறதை விட்டுட்டு, எழும்பி உக்கார வைக்கும்போது முகத்தையும் கையையும் பாத்து மார்க் போட ஆரம்பிச்சா, மருந்து நேரத்துக்குப் போச்சு, மறுநாள் பாட்டி பிசியோவோட நாலடி நடந்தாங்க. இதுவே ஒரு முழு அக்கவுண்ட். என்ன நடந்துச்சு, மக குடுத்த ஃபீட்பேக் என்ன, நீங்க எதை மாத்திக்கிட்டீங்க, என்எம்சியோட நடத்தை விதியான கோட்ல எந்தப் பகுதியோட சேருதுன்னு நாலு பத்தி எழுதினா போதும். பேஷன்ட் பேரு, பெட் நம்பர், வார்டு, தேதின்னு ஆளை அடையாளம் காட்டுற எதையும் எழுதக்கூடாது, அது முக்கியம். தமிழ்ல யோசிச்சு எழுதிட்டு அப்புறம் இங்கிலீஷ்ல மாத்துங்க, நம்மாளுங்க நேரா இங்கிலீஷ்ல எழுத உக்காந்தா நெட்ல இருக்குறதைப் பாத்து எழுதுற மாதிரி ஆகிடுது, படிக்கிறவங்களுக்கு உடனே தெரிஞ்சிடும்.

கேள்வி: நான் பிசியோ அக்கா. எங்களுக்கு மணி நேரக் கணக்கே இல்லைன்னு சொல்றாங்க, அதனால நான் எதுவும் குறிச்சு வைக்கல. இப்ப ஆடிட்னு சொல்லிப் பயமுறுத்துறாங்க.

பதில்: தம்பி, பிசியோ மாதிரி தொழில்களைப் பதிவு பண்ற எச்சிபிசி கவுன்சில் மணி நேரம் கேக்காதது சலுகை மாதிரி தெரியும், ஆனா உண்மையில அது கூடுதல் கஷ்டம். அவங்க கேக்குறது, நீங்க தொடர்ந்து பதிவு வச்சிருக்கீங்களா, பல விதமா கத்துக்கிட்டீங்களா, அதனால உங்க வேலை எப்படி மேம்பட்டுச்சு, பேஷன்ட்டுக்கு என்ன பலன்னு. அதோட கேட்டா எழுதிக் குடுக்கணும், அதையும் சேர்த்து அஞ்சு விதி. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ரினியூவல் வரும்போது ஒவ்வொரு தொழில்லயும் 2.5 சதவீதம் பேரைக் குலுக்கல் முறையில எடுக்குறாங்க, நூறு பேர்ல ரெண்டு மூணு பேரு. பிசியோவுக்கு இரட்டைப்படை வருஷம் ஏப்ரல் 30 கடைசி நாள். உங்க பேர் வரும் வராதுங்கிறது உங்க கையில இல்ல, பதிவு வச்சிருக்குறது உங்க கையில இருக்கு.

இப்பவும் காலம் போகல, உங்க ரோட்டா (டியூட்டி அட்டவணை), பழைய மெயில், இன்-சர்வீஸ் டீச்சிங் அட்டவணை, சூப்பர்விஷன் நோட்ஸ் எல்லாத்தையும் எடுத்து வச்சு மாசவாரியா ஒரு பட்டியல் போடுங்க, நடந்ததை மட்டும் போடுங்க. ஸ்டூடன்ட்டுக்குச் சொல்லிக் குடுத்தது, ஸ்ட்ரோக் யூனிட்ல சீனியரோட ஒரு பேஷன்ட்டைப் பாத்தது, ஒரு கட்டுரை படிச்சு டீம்ல பேசினது எல்லாமே சிபிடிதான். பணம் விஷயத்துல, மேல சொன்ன காசுல ஏஎச்பிக்கும் பங்கு இருக்கு, அது நர்ஸுக்கு மட்டும்னு யாராவது சொன்னா அது தப்பு. சார்ட்டர்ட் சொசைட்டி ஆஃப் பிசியோதெரபில மெம்பரா இருந்தா அவங்க சாரிட்டபிள் ட்ரஸ்ட் குடுக்குற உதவித்தொகையும் பாருங்க.

கேள்வி: கேர் ஹோம்ல ராத்திரி டியூட்டி நர்ஸ். எங்க முதலாளி ஒரு பைசா தரமாட்டார். என்எச்எஸ்ல இருக்குறவங்களுக்குத்தானே எல்லாம், எங்களை மாதிரி ஆளுங்க என்ன பண்றது?

பதில்: உங்க கோபம் நியாயமானதும்மா. ரிவாலிடேஷன் விதி ரெண்டு பேருக்கும் ஒண்ணு, அந்த 35 மணி நேரமும் ஒண்ணு, ஆனா காசு வர்ற வழி ஒண்ணா இல்ல, இது சரியில்லைன்னு நான் எப்பவும் சொல்றேன். இருக்குறதைச் சொல்றேன். இ-லேர்னிங் ஃபார் ஹெல்த்கேர்னு என்எச்எஸ் நடத்துற தளம் இருக்கு, கேர் ஹோம் ஸ்டாஃபுக்கும் இலவசமா திறந்து வச்சிருக்காங்க, டிமென்ஷியா, கடைசிக் காலப் பராமரிப்புன்னு உங்க வேலைக்கு நேரா உதவுற பாடம் நிறைய. நர்ஸுங்க யூனியனான ஆர்சிஎன்ல மெம்பரா இருந்தா அவங்க பாடங்க நிறைய இலவசம். ஆர்சிஎன் ஃபவுண்டேஷன் படிப்புக்கு உதவித்தொகை குடுக்குது, ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் ஃபவுண்டேஷன் ஸ்காலர்ஷிப் குடுக்குது, அவங்க தேதி அறிவிக்கிறதைப் பாத்துக்கிட்டே இருக்கணும். கடைசிக் காலப் பராமரிப்பு குடுக்குற ஹாஸ்பிஸ் பக்கத்துல இருந்தா போன் பண்ணிக் கேளுங்க, கேர் ஹோம் ஸ்டாஃபுக்குக் காசு வாங்காமலே, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துற சிரிஞ்ச் டிரைவர் மாதிரி விஷயத்துல ட்ரெயினிங் நடத்துற ஹாஸ்பிஸ் நிறைய இருக்கு, உங்க 20 மணி நேரத்துல அது நல்லா உக்காரும்.

கேள்வி: ட்ரஸ்ட் எனக்கு ஒரு மாஸ்டர்ஸ் மாட்யூலுக்குக் காசு கட்டுறாங்க, ஆனா ரெண்டு வருஷம் வேலையை விட்டுப் போகக்கூடாது, போனா திருப்பிக் கட்டணும்னு கையெழுத்து கேக்குறாங்க. போடலாமா? ஊர்ல பாண்டுன்னாலே பயம்.

பதில்: படிச்சுப் பாத்துட்டுப் போடலாம். லேர்னிங் அக்ரிமெண்ட்னு சொல்றது இங்க சாதாரணம். பாக்க வேண்டியது என்னன்னா, கட்ட வேண்டிய தொகை மாசம் ஆக ஆகக் குறையுதா, இல்ல கடைசி நாள் வரைக்கும் முழுசா நிக்குதா? குறையுதுன்னா நியாயம். இன்னொரு என்எச்எஸ் ட்ரஸ்ட்டுக்குப் போனாலும் கட்டணுமா? கோர்ஸ்ல அசைன்மென்ட் மாதிரி ஏதாவதுல ஃபெயில் ஆனா, உடம்பு சரியில்லாமப் போனா, பிரசவ லீவு வந்தா என்ன? இதுக்கெல்லாம் பேப்பர்ல பதில் இல்லைன்னா மெயில்ல கேட்டு வாங்கிட்டு அப்புறம் கையெழுத்து. கோர்ஸ் ஃபீஸைத் தவிர வேற எந்தச் செலவும் அதுல ஏறக்கூடாது.

வெளிநாட்டுல இருந்து கூட்டிட்டு வரும்போது, வேலையை விட்டா செலவைத் திருப்பிக் கட்டணும்னு போட்ட நிபந்தனை வேற விஷயம். அதுக்கு அரசாங்கத்தோட கோட் ஆஃப் பிராக்டிஸ் இருக்கு, முன்கூட்டியே தெளிவா சொல்லியிருக்கணும், தொகை நியாயமா இருக்கணும், காலம் போகப் போகக் குறையணும்னு. வெளிநாட்டு ஆளை எடுக்குறதுக்கு முதலாளி அரசாங்கத்துக்குக் கட்டுற இமிகிரேஷன் ஸ்கில்ஸ் சார்ஜை அவர் உங்க தலையில கட்டவே முடியாது, சட்டம் அப்படி. வேலையை விட்டுட்டுப் போனா பத்தாயிரம் கட்டுன்னு எவனாவது மிரட்டினா பயந்துபோய் கட்டிடாதீங்க, பேப்பரை எடுத்துக்கிட்டு முதல்ல யூனியனுக்குப் போங்க.

கேள்வி: என் சொந்தக் காசுல ஒரு கோர்ஸ் படிச்சேன். டாக்ஸ்ல திரும்ப வாங்க முடியுமா?

பதில்: வேலை பாக்குற ஸ்டாஃப் சொந்தமா கட்டின கோர்ஸ் ஃபீஸுக்குப் பெரும்பாலும் கிடைக்காது, அதனாலதான் முதல்லயே ட்ரஸ்ட்டைக் கட்டச் சொல்லிக் கேளுங்கன்னு கத்திக்கிட்டே இருக்கேன். ஆனா என்எம்சி, எச்சிபிசி ஃபீஸ், ஆர்சிஎன் சந்தா இதுக்குக் கண்டிப்பா டாக்ஸ் ரிலீஃப் உண்டு, கேட்டாத்தான் வரும். வருஷத்துக்கு 120 பவுண்டு கட்டியிருந்தா 20 சதவீதம் டாக்ஸ் கட்டுறவங்களுக்கு 24 பவுண்டு, பழைய நாலு வருஷத்துக்கும் சேர்த்துக் கேக்கலாம். ரசீதை எடுத்து வச்சுக்கிட்டு வரித் துறையான எச்எம்ஆர்சி தளத்துல நீங்களே பண்ணுங்க, கமிஷன் கேக்குற ஏஜென்ட்கிட்ட போக வேண்டாம்.

கேள்வி: கோர்ஸுக்கு அப்ரூவல் வந்துடுச்சு அக்கா. ஆனா ஸ்டடி லீவ் இல்லையாம், ஆனுவல் லீவ் போட்டுப் போகச் சொல்றாங்க. நான் குழந்தைங்க இருக்குறதால வாரத்துல ரெண்டு நாள்தான் வேலை பாக்குறேன், பார்ட் டைம் ஆளுக்கு இவ்வளவுதான்னு சொல்லிட்டாங்க.

பதில்: அப்படிச் சொல்லக்கூடாது. பார்ட் டைம்ங்கிற காரணத்துக்காகப் படிப்புல ஒதுக்கி வைக்கிறதை 2000ல வந்த பார்ட் டைம் ஊழியர் விதி தடுக்குது. நீங்க ரெண்டு நாள் வேலை பாத்தாலும் என்எம்சி உங்ககிட்ட அதே 35 மணி நேரத்தைத்தான் கேக்குது, இதை மேனேஜருக்கு நேரா ஞாபகப்படுத்துங்க. ட்ரஸ்ட்டோட ஸ்டடி லீவ் பாலிசி இன்ட்ராநெட்ல இருக்கும், டவுன்லோட் பண்ணி எத்தனை நாள் எப்படின்னு பாத்துட்டுப் பேசுங்க. 250 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற இடத்துல 26 வாரம் முடிச்ச ஊழியர், படிக்க நேரம் வேணும்னு எழுத்துல கேக்குற உரிமை சட்டத்துலயே இருக்கு. அவங்க மறுக்கலாம், ஆனா காரணம் சொல்லணும், சும்மா தட்டிக் கழிக்க முடியாது. உண்மையான சிக்கல் ஆள் பத்தாததுதான், நீங்க கிளாஸுக்குப் போனா உங்க ஷிஃப்ட்டை யாரு பாக்குறதுங்கிற கவலை அவங்களுக்கு. அதனால ரோட்டா போடுறதுக்கு முன்னாடியே கிளாஸ் தேதி எல்லாத்தையும் ஒரே மெயில்ல அனுப்பிடுங்க, ரோட்டா வந்த பிறகு கேட்டா யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது.

கேள்வி: இங்க வந்து என்எம்சி கிடைச்சாச்சு. தமிழ்நாடு கவுன்சில் ரெஜிஸ்ட்ரேஷனை விட்டுடலாமா?

பதில்: விடாதீங்க, அப்பா அம்மாவைப் பாக்க ஒரு நாள் திரும்பிப் போக வேண்டி வரலாம். இந்தியன் நர்ஸிங் கவுன்சில் அஞ்சு வருஷத்துக்கு 150 கிரெடிட் அவர்ஸ்னு வச்சிருக்கு, வருஷத்துக்கு 30. இங்க படிக்கிற கோர்ஸோட சர்டிஃபிகேட்ல எத்தனை மணி நேரம்னு போட்டு வாங்கி வச்சுக்கங்க, எது செல்லும்னு சென்னை கவுன்சில்ல எழுதிக் கேளுங்க.

கேள்வி: என் மனைவி ஊர்ல பிஎஸ்சி நர்ஸிங் முடிச்சவ. இங்க ஆஸ்பத்திரில ஹெல்த்கேர் அசிஸ்டன்ட்டா ரெண்டு வருஷமா இருக்கா. ஐஇஎல்டிஎஸ் இங்கிலீஷ் டெஸ்ட்ல ரைட்டிங் மட்டும் 6, மத்ததெல்லாம் 7. மனசு விட்டுட்டா. இனிமே அவ்வளவுதானா?

பதில்: இல்லவே இல்ல தம்பி, இதை இன்னைக்கே அவங்களுக்கு வாசிச்சுக் காட்டுங்க. ரைட்டிங்குக்கு என்எம்சி கேக்குறது 6.5, அரை மார்க்லதான் நிக்குறாங்க. 2023 பிப்ரவரில என்எம்சி விதியை மாத்துச்சு, அரை மார்க் குறைஞ்சவங்க இங்க ஹெல்த்கேர்ல கடந்த ரெண்டு வருஷத்துல குறைஞ்சது ஒரு வருஷம் வேலை பாத்திருந்தா, வேலை பாக்குற இடத்துல இருந்தே இவங்க இங்கிலீஷ் போதும்னு எழுதிக் குடுக்கலாம். என்எம்சி ரெஜிஸ்டர்ல இருக்குற லைன் மேனேஜர் எழுதணும், அவங்களுக்கு மேல இருக்குற ஒரு சீனியர் நர்ஸும் கையெழுத்துப் போடணும். ஃபார்ம் என்எம்சி தளத்துல இருக்கு, இப்ப இருக்குற விதியை ஒரு தடவை அங்கேயே படிச்சுப் பாத்துட்டு மேனேஜர்கிட்ட போகச் சொல்லுங்க. வேற தேதில எழுதின ரெண்டு டெஸ்ட்டைச் சேர்த்துக் காட்டுறதுக்கும் இப்ப 12 மாசம் வரைக்கும் இடம் இருக்கு, அதனால இன்னொரு தடவை எழுதினாலும் வீண் போகாது.

அடுத்து ஆஸ்கி, ரெஜிஸ்ட்ரேஷனுக்கு முன்னாடி செஞ்சு காட்டுற செய்முறைத் தேர்வு. ஒரு தடவைக்கு 794 பவுண்டு, சொந்தக் காசுல கட்டுற முன்னாடி ட்ரஸ்ட்ல கேளுங்க, உள்ளேயே இருக்குற ஹெல்த்கேர் அசிஸ்டன்ட்டுங்களை நர்ஸாக்குறதுக்குப் பல ட்ரஸ்ட்டுகள்ல தனி ஏற்பாடு இருக்கு, ஃபீஸும் கட்டி, ட்ரெயினிங்கும் குடுத்து அனுப்புறாங்க, வெளிநாட்டுல இருந்து புது ஆளைக் கூட்டிட்டு வர்றதை விட அவங்களுக்குச் செலவு கம்மி. வார்டு மேனேஜர்கிட்ட இல்ல, ட்ரஸ்ட்டோட இன்டர்நேஷனல் நர்ஸ் டீம்கிட்ட, இல்ல எஜுகேஷன் டீம்கிட்ட நேரா மெயில் போடச் சொல்லுங்க. ரெண்டு வருஷம் அதே ஆஸ்பத்திரில பேஷன்ட்டைக் குளிப்பாட்டி, தூக்கி உக்கார வச்சு, பிபி பாத்து நின்ன பொண்ணு அவங்க, அந்த மெயில்ல முதல் வரியா அதையே எழுதச் சொல்லுங்க, என்ன பதில் வந்துச்சுன்னு எனக்கும் எழுதுங்க.